இரண்டு மாடிப் பட்டணம்

பள்ளிக்கூட வாத்தியார்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. எந்த விஷயமானாலும் அதைக் கட்டம் போட்டுப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் நாற்பது நிமிஷம் என்று அளந்து வைத்தால்தான் அவர்களுக்கு இரவில் தூக்கம் வரும். இருபது வருஷமாகச் சரித்திரப் பாடம் நடத்தி வருகிற எனக்கு இந்த வியாதி முற்றிப்போன நிலையில் இருக்கிறது. ஆகவே, வருகிற கோடை விடுமுறையில் நானும் என் மனைவியும் போர்ச்சுகல் தேசத்துப் போர்ட்டோ நகரத்தில் மூன்று நாள் தங்கி வருவது என்று தீர்மானமானவுடன், நான் முதலில் செய்த காரியம் நீளமான காகிதம் ஒன்றை எடுத்து டைம்டேபிள் போட்டதுதான் என்றால் நேயர்கள் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

இந்தப் பிரயாணத்துக்கு மூல காரணம் என் மைத்துனருடைய பெண். லிஸ்பன் நகரத்தில் உத்தியோகமாயிருக்கிறாள். "அத்தையை அழைத்துக்கொண்டு ஒரு தடவை வாருங்கள், மாமா" என்று இரண்டு வருஷமாகச் சொல்லி வந்தாள். அவள் வீட்டில் ஒரு வாரம். நடுவில் மூன்று நாள் வடக்கே போர்ட்டோ. இதுதான் ஏற்பாடு.

என் டைம்டேபிளில் மூன்று நாளைக்கு இருபத்திரண்டு இடங்கள் இருந்தன. மாதாகோவிலுக்கு முப்பது நிமிஷம், கோபுரத்துக்கு நாற்பது, சாப்பாட்டுக்கு இருபத்தைந்து என்று எல்லாவற்றுக்கும் கணக்கு. மிகுந்த பெருமிதத்துடன் அதை என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரையில் நிதானமாகப் படித்தாள்.

"எல்லாம் சரி. அந்த ஊரில் படிகள் எத்தனை என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா?" என்று கேட்டாள்.

இந்த இடத்தில் ஒரு பழைய சமாசாரத்தைச் சொல்லியாக வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன் நாங்கள் இருவரும் ஹம்பிக்குப் போயிருந்தோம். அப்போதும் டைம்டேபிள் போட்டேன். இரண்டாம் நாள் மத்தியானம் அவளுடைய வலது முழங்கால் வீங்கிவிட்டது. "நான் இந்தக் கல்லில் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றாள். நானும் போனேன். பாடத்தை முடிக்க வேண்டுமல்லவா? ஊருக்குத் திரும்பிப் படங்களைப் பார்த்தபோது, அன்று மத்தியானத்துக்குப் பிறகு எடுத்த படம் ஒன்றிலும் அவள் இல்லை. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று பல நாள் நினைத்ததுண்டு.

ஆகவே, இந்தத் தடவை படிக் கணக்கைப் பற்றி அவள் கேட்டதும் நான் வாயை மூடிக்கொண்டு மறுபடியும் புத்தகங்களைப் புரட்டினேன்.

போர்ட்டோ நகரம் டோரு நதியின் வடகரையில், அந்நதி அட்லாண்டிக் சமுத்திரத்தில் கலக்கும் இடத்துக்குச் சில மைல் கிழக்கே இருக்கிறது. பழைய காலத்தில் இங்கே 'போர்ட்டுஸ் காலே' என்ற துறை இருந்தது. அந்தப் பெயரிலிருந்துதான் தேசத்துக்கே போர்ச்சுகல் என்ற பெயர் வந்தது. நகரத்தின் பழைய பகுதியை யுனெஸ்கோ ஸ்தாபனம் 1996-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். தெரியாமற்போனது என்னவென்றால், நதி ஆழமான பள்ளத்தில் ஓடுகிறது. ஊர் அதன் மேல் செங்குத்தான கருங்கல் சரிவில் தொற்றிக்கொண்டிருக்கிறது. தேசப்படத்தில் மாதாகோவிலுக்கும் படித்துறைக்கும் நடுவில் கட்டைவிரல் அகலம்தான். அந்தக் கட்டைவிரலுக்குள் இருக்கிற படிகளைப் படம் வரைந்தவர் காட்டவில்லை.

சரி, இதற்கு ஒரு யுக்தி கண்டுபிடித்தேன். "ஏறுவதற்கு வண்டி, இறங்குவதற்குக் கால். இதுதான் சட்டம்" என்று அவளிடம் சொன்னேன்.

அவள் சிரித்துவிட்டாள். "முழங்கால் வலிக்கிறவளைக் கேட்டுக்கொண்டு இந்தச் சட்டத்தைப் போட்டிருக்கக் கூடாதா? ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போதுதான் உயிர் போகும்" என்றாள்.

வைத்தியரும் அதையே சொன்னார். படி இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பின் பாரம் முழுவதையும் மடங்கிய முழங்கால் தாங்கி நிறுத்த வேண்டியிருக்கிறதாம். வயதான தகப்பனார் தாயாரை வெளியூருக்கு அழைத்துக்கொண்டு போகும் நேயர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். "இறக்கம்தானே!" என்று அவர்களை இழுத்துக்கொண்டு போவது போன்ற கொடுமை வேறில்லை.

கடைசியில் எனக்கு வழி காட்டியது ஒரு பாலம். போர்ட்டோவையும், எதிர்க்கரையிலுள்ள வில நோவ டி காயா என்ற ஊரையும் டோம் லூயிஸ் பாலம் இணைக்கிறது. இதை வகுத்தவர் தியோஃபில் செய்ரிக் என்ற எஞ்சினீயர். பாரிஸ் கோபுரத்தால் புகழ் பெற்ற ஈஃபெலுக்கு ஒரு காலத்தில் கூட்டாளியாயிருந்தவர். 1886-ல் திறந்த இந்த இரும்புப் பாலத்தின் வளைவு 172 மீட்டர் அகலம். இதன் விசேஷம், ஒரே பாலத்துக்கு இரண்டு தளங்கள். கீழ்த்தளம் படித்துறை மட்டத்தில் கரைக்குக் கரை போகிறது. மேல்தளம் வளைவின் உச்சியில் மலைக்கு மலை போகிறது. அதில் இப்போது மெட்ரோ ரயில் ஓடுகிறது, ஓரத்தில் ஜனங்கள் நடக்கிறார்கள்.

பாலத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் புத்தியில் உறைத்தது. ஊரே இரண்டு மாடி வீடு! இரண்டு மாடி வீட்டில் யாராவது ஒரு நாளைக்கு இருபது தடவை ஏறி இறங்குவார்களா? மாடியில் உள்ள வேலைகளை ஒரேயடியாக முடிப்பார்கள். பிறகு கீழே வந்து கீழ் வேலைகளைப் பார்ப்பார்கள். நான் தூரத்தை வைத்துப் போட்ட டைம்டேபிளைக் கிழித்துவிட்டு, உயரத்தை வைத்து வேறொன்று போட்டேன். மேல் மாடிக்கு ஒரு நாள், கீழ் மாடிக்கு ஒரு நாள். மாடி மாறுவது ஒரு நாளைக்கு ஒரு தடவைதான், அதுவும் வண்டியில்தான்.

முதல் நாள் மேல் மாடி. லிஸ்பனிலிருந்து துரித ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். வரும்போது இடது பக்கத்து ஜன்னலோரம் உட்கார வேண்டும். நதியைக் கடக்கும்போது, 1877-ல் ஈஃபெலின் கம்பெனி கட்டிய மரியா பியா ரயில் பாலம் அந்தப் பக்கத்தில் தெரியும். 1991-ல் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். கம்பன்யா என்ற பெரிய ஸ்டேஷனில் இறங்கி வேறு வண்டி ஏறினால், சில நிமிஷத்தில் ஊருக்கு நடுவிலுள்ள சாவோ பென்டோ ஸ்டேஷன் வந்துவிடும். மற்ற ஊர்களில் ஸ்டேஷனை விட்டு வெளியே போய்த்தான் ஊரைப் பார்க்க வேண்டும். இங்கே ஸ்டேஷனே முதல் காட்சி. 1916-ல் திறந்த இந்த ஸ்டேஷனின் முன் மண்டபச் சுவர்களில், ஜோர்ஜ் கொலாஸோ என்ற சித்திரக்காரர் சுமார் இருபதாயிரம் ஓடுகளில் நீல வர்ணத்தில் போர்ச்சுகல் சரித்திரத்தை எழுதியிருக்கிறார்.

ஜாகை மேல் மாடியிலேயே, இந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் எடுத்திருக்கிறோம். லிப்ட் உண்டா என்று கேட்டு, உண்டென்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் கட்டினோம். பழைய கட்டடங்கள் நிறைந்த ஊரில் இது அவசியம். பக்கத்திலேயே மாதாகோவில். சாயங்காலம் மெட்ரோவில் ஒரே ஒரு ஸ்டேஷன் தூரம். பாலத்தின் மேல்தளத்தைத் தாண்டி அக்கரைத் தோட்டத்தில் இறங்கினால், போர்ட்டோ முழுவதும் எதிரே அடுக்கடுக்காகத் தெரியும். மே மாதத்தில் இரவு எட்டரை மணிக்கும் அங்கே வெளிச்சம் இருக்கும்.

இரண்டாம் நாள் கீழ் மாடி. பட்டால்யா என்ற இடத்திலிருந்து கிண்டாய்ஸ் என்ற இழுவை ரயில் சரிவில் இறங்கிப் பாலத்தடியில் கொண்டுபோய் விடுகிறது. 1891-ல் தொடங்கி, ஒரு விபத்துக்குப் பிறகு நின்று, நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து 2004-ல் மறுபடி ஓட ஆரம்பித்தது. பழுது பார்ப்பதற்காகச் சில சமயம் நிறுத்திவிடுகிறார்களாம். போகிறவர்கள் முன்னதாக விசாரித்துக்கொள்வது நலம். ஓடாவிட்டால் வாடகைக் கார். கீழே ரிபெய்ரா என்னும் படித்துறை சமதளம். அங்கிருந்து சாவோ பிரான்சிஸ்கோ கோவில் வெகு தூரமில்லை. வெளியே வெறும் கல். உள்ளே மரச் செதுக்கு வேலை முழுவதும் பொன் முலாம். அதன் வாசலிலிருந்து பழைய டிராம் வண்டி நதியை ஒட்டியே சென்று, முகத்துவாரத்திலுள்ள ஃபோஸ் என்ற இடத்தில் விடுகிறது. நதி கடலோடு சேரும் இடம். உட்கார்ந்தபடியே போய், உட்கார்ந்தபடியே வரலாம்.

படித்துறையில் ஓரிடத்துக்கு நான் ஐந்து நிமிஷம் ஒதுக்கியிருந்தேன். 1809-ம் வருஷம் மார்ச்சு மாதம் 29-ந் தேதி நெப்போலியனுடைய தளபதி ஸூல்ட்டின் சேனை ஊருக்குள் புகுந்தது. அப்போது இரும்புப் பாலம் ஏது? படகுகளை வரிசையாகக் கட்டி மேலே பலகை போட்ட பாலம்தான். உயிர் தப்ப ஓடிய ஜனங்கள் அதன் மேல் ஒரேயடியாக நெருக்க, பாலம் குலைந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் நதியில் மாண்டார்கள். அந்தத் துயரத்தைக் காட்டும் வெண்கலப் பலகை ஒன்று கரைச் சுவரில் இருக்கிறது. இருநூறு வருஷத்துக்கு மேலாகியும் ஜனங்கள் அதன் கீழே மெழுகுவத்தி ஏற்றி வைக்கிறார்கள்.

"இதற்கு ஐந்து நிமிஷமா?" என்று கேட்டாள் என் மனைவி. பென்ஸிலால் அந்த ஐந்தை அடித்துவிட்டு, அந்த இடத்தில் வேறு எண் எதுவும் எழுதாமல் விட்டுவிட்டாள்.

இனி, சரித்திர வாத்தியார் என்ற முறையில் ஒரு வார்த்தை. 'மாலுமி ஹென்றி' என்று நாம் பாடப் புத்தகத்தில் படித்த இளவரசர் 1394-ல் இந்த ஊரில்தான் பிறந்தார். பிறந்ததாகச் சொல்லப்படும் வீடும் கீழ் மாடியில் இருக்கிறது. 1415-ல் அவர் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள சியுட்டாவைப் பிடிக்கக் கப்பலேறியபோது, ஊரார் தங்களிடமிருந்த மாமிசம் முழுவதையும் கப்பல்களுக்குக் கொடுத்துவிட்டுக் குடலை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்பது கர்ண பரம்பரை. அதனால் இன்றைக்கும் போர்ட்டோ வாசிகளுக்குக் 'குடல்தின்னிகள்' என்று பெயர்; அவர்கள் அதைப் பட்டம்போல் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஸ்டேஷன் சுவரில் சியுட்டா வெற்றியும் சித்திரமாக இருக்கிறது. அழகான சித்திரம், சந்தேகமில்லை. ஆனால் நாம் அதைப் பார்க்கும்போது அதன் தொடர்ச்சியையும் நினைக்க வேண்டும். 1444-ல் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த மனிதர்களைப் போர்ச்சுகலின் தென்கரையில் பங்கு போட்டபோது, ஐந்தில் ஒரு பங்கு இந்த இளவரசருக்குப் போயிற்று. அவர் காலமானது 1460-ல். அவர் தொடங்கிய வழியில் 1498-ல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தார். 1510-ல் கோவா போயிற்று. அது நமக்குத் திரும்பி வந்தது 1961-ல். ஓடுகளில் வெற்றியின் காட்சி இருக்கிறது. கப்பல் வந்து சேர்ந்த கரையிலிருந்து போகிறவர்கள் நாம். விருந்தாளிக்குரிய மரியாதையோடு பார்ப்போம். மறதியோடு பார்க்க வேண்டியதில்லை.

இதை நான் சற்று ஆவேசமாகவே சொல்லிக்கொண்டிருந்தபோது, டெலிபோனில் மைத்துனர் பெண் தன் அத்தைக்குப் போர்ச்சுகீசியப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். "அத்தை, ஜன்னலுக்கு ஜனேலா, சாவிக்கு ஷாவி, அலமாரிக்கு அர்மாரியு, துவாலைக்குத் துவால்யா!" இவையெல்லாம் அவர்களிடமிருந்து நமக்கு வந்த வார்த்தைகள். ஏலமும் பீப்பாயும் அப்படித்தான். "அப்படியானால் எனக்குப் பாதிப் பாஷை தெரியுமே!" என்றாள் என் மனைவி. நாற்பத்தைந்து வயதில் இவ்வளவு சுலபமாக ஒரு பாஷையில் பாஸ் செய்தவர்களை நான் கண்டதில்லை.

பீப்பாய் என்றதும் அக்கரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காயாவின் கரை நெடுகப் போர்ட் என்ற திராக்ஷை மதுவின் கிடங்குகள். திராக்ஷை விளைவது நதியின் மேற்பகுதியிலுள்ள மலைச் சரிவுகளில். சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே பிராந்தியைச் சேர்த்து நொதிப்பை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் இனிப்பு தங்கிவிடுகிறது. எந்த நிலத்தில் விளைந்தால் அந்தப் பெயர் செல்லும் என்று 1756-லேயே எல்லை வகுத்துச் சட்டம் செய்துவிட்டார்கள். முன்பு 'ரபெலோ' என்ற தட்டைப் படகுகளில் பீப்பாய்கள் நதி வழியாக வரும். இப்போது நதியில் அணைகள் வந்துவிட்டன. சரக்கு லாரியில் வருகிறது. படகுகள் அலங்காரமாகக் கரையில் நிற்கின்றன. எங்களுக்கு அந்தச் சரக்கு வேண்டாம். 550 லிட்டர் கொண்ட பெரிய பீப்பாய்க்கு இன்றும் 'பீப்பா' என்றே பெயராம். அதைக் கண்ணால் பார்த்தால் போதும்.

சாப்பாட்டு விஷயம். சைவர்களுக்கு அது சிரமமான ஊர். ஊரின் பிரசித்தி பெற்ற 'பிரான்சஸின்யா' என்ற பண்டத்தில் ரொட்டிக்கு நடுவில் பலவித மாமிசம். உருளைக்கிழங்கும் பொடியாக நறுக்கிய கீரையும் சேர்ந்த 'கால்டோ வெர்டி' என்ற சூப்பிலும் மாமிசத் துண்டு போடுவது வழக்கம். ஆகவே 'ஸெங் கார்னெ' (மாமிசம் வேண்டாம்), 'ஸெங் பெய்ஷெ' (மீன் வேண்டாம்) என்ற இரண்டு மந்திரங்களை நெட்டுருப் போட்டிருக்கிறோம். 2022-ல் புதுப்பித்துத் திறந்த பொல்யோ மார்க்கெட்டில் பழமும் ரொட்டியும் கிடைக்கும். நன்றி சொல்லும்போது ஆண்கள் 'ஒப்ரிகாடு' என்றும், பெண்கள் 'ஒப்ரிகாடா' என்றும் சொல்ல வேண்டும்.

பிரயாண ஏற்பாடுகளில் இரண்டு சொல்கிறேன். ஷெங்கன் விசாவுக்குப் புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனுச் செய்யலாம். முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத வைத்திய இன்ஷூரன்ஸ் வேண்டும். செருப்பு ரப்பர் அடியுள்ளதாக இருக்கட்டும்; மழை பெய்தால் கருங்கல் பாவிய தெருக்கள் வழுக்கும். ஜூன் 23-ந் தேதி இரவு நடக்கும் புனித யோவான் திருவிழாவில், ஊரார் பிளாஸ்டிக் சுத்தியலால் ஒருவர் தலையில் ஒருவர் தட்டிக் கொண்டாடுவார்களாம். அதற்குள் எனக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிடும். என் தலை தப்பியது.

மூன்றாம் நாள்? அங்கேதான் எங்களுக்குள் கடைசிப் போராட்டம். மிச்சமிருந்த இடங்களையெல்லாம் அந்த நாளில் திணித்திருந்தேன். 1906-ல் திறந்த லெல்லோ புத்தகசாலை. ஹாரி பாட்டர் கதைக்கு அது தூண்டுதல் என்று ஊரெல்லாம் பேச்சு. கதாசிரியையோ தாம் அங்கே போனதே இல்லை என்று 2020-ல் சொல்லிவிட்டார். உள்ளே போகவே சீட்டு; புத்தகம் வாங்கினால் அதைக் கழித்துக்கொள்கிறார்கள். அடுத்தது, நிக்கோலா நஸோனி என்ற இத்தாலியர் 1763-ல் கட்டி முடித்த கிளெரிகோஸ் கோபுரம். இருநூறுக்கு மேற்பட்ட படிகள். பிறகு லாபா கோவில். 1832-33-ல் ஒரு வருஷத்துக்கு மேல் முற்றுகையைத் தாங்கிய இந்த ஊருக்கு, டோம் பெட்ரோ மன்னர் தம் இருதயத்தையே சாசனம் செய்துவிட்டுப் போனார். அது அங்கே பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

"திறந்து காட்டுவார்களா?" என்று கேட்டாள்.

"மாட்டார்கள். அதற்கு ஐந்து சாவிகளாம்."

"அப்படியானால் அது இருக்கிற இடத்தில் பத்திரமாக இருக்கட்டும்" என்று சொல்லி, மூன்றாம் நாள் முழுவதையும் ஒரே கோட்டில் அடித்துவிட்டாள். "உங்கள் பள்ளிக்கூடத்தில் ஓய்வு பீரியடு கிடையாதா?"

உண்டு. அந்தப் பீரியடின் அருமை என்னைவிட யாருக்குத் தெரியும்? காலையில் எந்த இடம் மறுபடியும் போகலாம் என்று தோன்றுகிறதோ, அங்கே போவது. தோன்றாவிட்டால் நதிக்கரையில் உட்கார்ந்திருப்பது. கோபுரம் ஏறும் ஆசை எனக்கு அறவே போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் ஏறினால் யாரிடம் காட்டுவேன்?

இப்போது காகிதத்தில் இருபத்திரண்டு இடங்களுக்குப் பதில் எட்டுத்தான் இருக்கின்றன. எல்லாம் முடிந்த பிறகு, அடியில் பென்ஸிலால் ஒரு விதி எழுதிச் சேர்த்து என்னிடம் நீட்டினாள்: 'ஒருவர் உட்கார்ந்தால் இருவரும் உட்கார வேண்டியது.'

ஹம்பியைப் பற்றி அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான். நான் பேனாவை எடுத்து, தலைமை ஆசிரியர் முன் போடுவதுபோல், அதன் கீழே முழுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.